திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

காலை 6.40 மணி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று அட்டவணை சொல்கிறது. பதினைந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு பேருந்து வருகிறது, உள்ளே நிற்கக்கூட இடமில்லாமல். அதன் பின்னாலேயே அதே எண்ணில் இன்னொன்று, பாதி இருக்கைகள் காலியாக. ஏறும்போது யாரோ ஓட்டுநரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். "இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள்?" என்ற கேள்வி உங்கள் மனத்திலும் ஓடுகிறது.

இப்படிப்பட்ட சின்னச் சின்ன எரிச்சல்களுக்கு நம் வாழ்க்கையில் பஞ்சமே இல்லை. பேரங்காடியில் நாம் நிற்கும் வரிசை மட்டும் நகராது. விரைவுச்சாலையில் விபத்து எதுவும் இல்லாமலே கார்கள் நின்று நின்று போகும். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே வருவார்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? சும்மா புலம்பாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. தாராளமாகப் புலம்புங்கள். ஆனால் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் எரிச்சல்களில் பலவற்றுக்குப் பின்னால் குற்றவாளி என்று எவரும் இல்லை. சிலவற்றுக்குப் பின்னால் இருக்கிறார். எது எந்த வகை என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வது, தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணைவிட நீண்ட காலம் உதவும் என்பது என் கருத்து.

ஒட்டிக்கொண்டு வரும் பேருந்துகள்

முதலில் அந்தப் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 4 பயணிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறி, அட்டையைத் தட்ட 3 விநாடி ஆகிறது. சாலை விளக்கில் மாட்டி ஒரு பேருந்து 1 நிமிடம் தாமதமாகிவிட்டது. அந்த 1 நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக 4 பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற 12 விநாடி. இப்போது தாமதம் 72 விநாடி. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமான பயணிகள். நான்கு நிறுத்தங்களைத் தாண்டுவதற்குள் அந்த 1 நிமிடத் தாமதம் 2 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

பின்னால் வரும் பேருந்துக்கு நேர்மாறான நிலை. முன்னால் போனது பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டதால், நிறுத்தங்களில் இதற்காகக் காத்திருப்பவர்கள் குறைவு. சீக்கிரம் புறப்பட்டுவிடுகிறது. முன்னது மெதுவாக, பின்னது வேகமாக. இரண்டும் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்? கார்டன் நியூவல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964ஆம் ஆண்டிலேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார்கள். ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எவரும் தலையிடாவிட்டால் பேருந்துகள் இப்படிக் கூட்டம் சேரும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. பின்னால் வரும் பேருந்தை ஏதாவது ஒரு நிறுத்தத்தில் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும், அல்லது மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். இங்கேதான் வேடிக்கை. பேருந்து ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்துவைத்தபடி சும்மா நின்றால் உள்ளே இருக்கும் நமக்கு எப்படி இருக்கும்? "ஆள் யாரும் ஏறவில்லை, ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று அதற்கும் ஓட்டுநரைத்தான் முறைக்கிறோம். ஒட்டிக்கொண்டு வந்தாலும் அவருக்குத் திட்டு, ஒட்டாமல் இருக்க நின்றாலும் அவருக்குத் திட்டு!

இரண்டு பேர் சொல்வதும் உண்மை

"சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது" என்று நிறுவனம் சொல்கிறது. "எனக்கு அப்படி வருவதே இல்லை" என்கிறீர்கள் நீங்கள். யாரோ ஒருவர் பொய் சொல்வதுபோல் தோன்றுகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 நிமிடத்தில் 2 பேருந்துகள் வருகின்றன. ஒன்றின் இடைவெளி 2 நிமிடம், மற்றதின் இடைவெளி 18 நிமிடம். சராசரி இடைவெளி சரியாக 10 நிமிடம். நிறுவனம் சொன்னது உண்மை. இப்போது நிமிடத்துக்கு ஒருவராக 20 பயணிகள் நிறுத்தத்துக்கு வருகிறார்கள். அவர்களில் 2 பேர் சிறிய இடைவெளியில் வந்து, சராசரியாக 1 நிமிடம் காத்திருக்கிறார்கள். மீதி 18 பேர் பெரிய இடைவெளியில் மாட்டிக்கொண்டு, சராசரியாக 9 நிமிடம் காத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி 8.2 நிமிடம். இதே பேருந்துகள் சீராக வந்திருந்தால் 5 நிமிடம்தான் ஆகியிருக்கும். நீங்கள் சொன்னதும் உண்மை.

கூட்டத்துக்கும் இதே கதைதான். முன்னால் வந்த பேருந்தில் 70 பேர், பின்னால் வந்ததில் 10 பேர். "சராசரி 40 பேர், நெரிசல் இல்லை" என்று ஏட்டில் எழுதலாம். ஆனால் 80 பயணிகளில் 70 பேர் நெரிசலில்தான் பயணம் செய்தார்கள். பேருந்துகளை எண்ணினால் ஒரு விடை, மனிதர்களை எண்ணினால் வேறு விடை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014ல் பேருந்துச் சேவையின் நம்பகத்தன்மையை மேம்படுத்தும் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. அதில் அளக்கப்பட்டவற்றுள் முக்கியமான ஒன்று, பயணிகளின் "கூடுதல் காத்திருப்பு நேரம்". பேருந்துகள் திட்டமிட்டபடி வந்திருந்தால் காத்திருக்கவேண்டிய நேரத்தைவிட எவ்வளவு அதிகமாகக் காத்திருக்கிறோம் என்பதே அது. நம் எடுத்துக்காட்டில் 8.2 கழித்தல் 5, அதாவது 3.2 நிமிடம். அதைக் குறைக்கும் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, கூட்டினால் அபராதம். நிறுத்தத்தில் நிற்பவரின் எரிச்சல் ஓர் எண்ணாக மாறியதும், அதைக் குறைக்க ஒருவர் பொறுப்பேற்கவேண்டியதாயிற்று.

சாலையிலும் வரிசையிலும்

விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? திடீரென்று கார்கள் நின்றுவிடும். "முன்னால் விபத்து போலிருக்கிறது" என்பார் அப்பா. பத்து நிமிடம் ஊர்ந்தபின் சாலை திறந்துவிடும். விபத்தும் இருக்காது, பழுதுபார்ப்பு வேலையும் இருக்காது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2008ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சாலை விளக்கு இல்லை, தடை இல்லை. சற்று நேரத்தில் எங்கோ ஒருவர் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அதிகம். கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றன. நெரிசல் ஓர் அலையைப்போல் பின்னோக்கி நகர்ந்தது. இதற்கு ஒரு தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. முன்காருக்கு மிக நெருக்கமாக ஒட்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துளிப் பங்கு இருக்கிறது, "நெரிசல் தாங்கவில்லை" என்று புலம்பும் நம் காருக்கும் சேர்த்து.

பேரங்காடி வரிசைக்கு வருவோம். மூன்று கட்டண முகப்புகள் இருந்தால், நீங்கள் நிற்கும் வரிசை மிக வேகமானதாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஆக, மூன்றில் இரண்டு முறை வேறொரு வரிசை உங்களை முந்தும். அதில் உங்கள் ராசிக்கு எந்தப் பங்கும் இல்லை. நம் வரிசை முந்திய நாள்களை நாம் நினைவில் வைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைகளைப் பற்றிய கணிதம் வளர்ந்ததே ஓர் அன்றாடத் தொல்லையிலிருந்துதான். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதைப் பற்றி 1909ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அந்தத் துறையிலிருந்து கிடைத்த ஒரு பாடம்: ஒவ்வொரு முகப்புக்கும் தனி வரிசை வைக்காமல், எல்லா முகப்புகளுக்கும் சேர்த்து ஒரே நீண்ட வரிசை வைத்தால், "எனக்கு மட்டும் மோசமான வரிசை" என்று எவருக்கும் அமையாது. முதலில் வந்தவர் முதலில் போவார். எனவே உங்கள் வரிசை நகராதபோது காசாளரை முறைக்காதீர்கள். சில்லறையை எண்ணிக் கொடுக்கும் பாட்டியையும் முறைக்காதீர்கள். வரிசையை இப்படி அமைத்தது அவர்கள் இருவரும் இல்லை.

அப்படியென்றால் யார் மீதும் தவறில்லையா?

"எல்லாம் கணக்குதான் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை, அப்படிச் சொல்லவில்லை. சில எரிச்சல்களில் அறிவியல் உங்கள் பக்கம்தான் நிற்கிறது.

ரயிலில் கைப்பேசியில் பேசுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் நேரில் பேசிக்கொண்டால் அவ்வளவாகத் தொல்லை தெரிவதில்லை. ஒருவர் மட்டும் கைப்பேசியில் பேசினால் ஏன் புத்தகத்தில் மனம் நிற்பதில்லை? அமெரிக்க ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. கவனம் தேவைப்படும் வேலைகளைச் செய்தவர்கள், உரையாடலின் ஒரு பாதி மட்டும் காதில் விழுந்தபோது அதிகம் தடுமாறினார்கள். இரு பக்கமும் கேட்டபோது அவ்வளவு தடுமாற்றம் இல்லை. அடுத்து என்ன சொல்லப்படும் என்று மூளை தானாகவே ஊகிக்க முயல்கிறது. பாதி உரையாடலில் ஊகிக்க வழியில்லாததால், அது விடாமல் ஒட்டுக்கேட்கிறது. உங்கள் எரிச்சலுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. குரலைத் தாழ்த்துவதும் அந்த ஒருவரின் கையில்தான் இருக்கிறது. ஆகவே பணிவாகக் கேட்கலாம். ரயிலில் சத்தமாகப் பேசுவது நாமாக இருக்கும்போதும் இதே நியாயம் பொருந்தும்.

இன்னோர் எடுத்துக்காட்டு, மின்னூட்டி. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு வகை மின்னூட்டி என்பது உலகெங்கும் பலரது நெடுநாள் புலம்பல். அது இயற்கை விதி எதனாலும் வந்ததன்று, நிறுவனங்கள் எடுத்த முடிவு. தூக்கியெறியப்படும், பயன்படுத்தப்படாத மின்னூட்டிகளால் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஒன்றியம் கணக்கிட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி-சி என்ற ஒரே வகை இணைப்பு கட்டாயமானது. "மேசை இழுப்பறை நிறைய வயர்" என்ற புலம்பல், ஓர் எண்ணோடு சேர்ந்தபோது சட்டமாக மாறியது.

ஒரு வாரம் முயன்று பாருங்கள்

கணக்குப் போட்டால் பேருந்து சீக்கிரம் வந்துவிடுமா? வராது. ஆனால் இரண்டு மாற்றங்கள் நிகழும். முதலாவது, உங்கள் கோபம் தவறான ஆள் மீது பாயாது. விடியற்காலையில் எழுந்து வேலைக்கு வந்த ஓட்டுநருக்கு நீங்கள் சொல்லும் ஒரு "காலை வணக்கம்", முறைப்பைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, உங்கள் குறைக்கு எடை கூடும். "இந்தப் பேருந்து எப்போதும் தாமதம்" என்று எழுதினால், படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு சிறிய சோதனை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிறுத்தத்தில், உங்கள் பேருந்து எண்ணுக்கு அடுத்தடுத்து வரும் பேருந்துகளின் நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்தை விட்டுவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாகப் போகவேண்டாம். மாலையில் வீடு திரும்பும்போது செய்யலாம், நண்பர்களோடு பிரித்துக்கொண்டும் செய்யலாம். இடைவெளிகள் 4, 16, 10, 3, 17 நிமிடம் என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 50, சராசரி 10. ஒவ்வோர் இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 670. அதை 50ன் இருமடங்கான 100ஆல் வகுத்தால் 6.7. ஒரு பயணி சராசரியாகக் காத்திருக்கும் நிமிடங்கள் அவை. சீராக வந்தால் 5 நிமிடம். வித்தியாசம் 1.7 நிமிடம்.

அந்த ஓர் எண்ணை, தேதியோடும் நேரத்தோடும் எழுதி அனுப்புங்கள். ஓட்டுநரின் பெயரையோ பேருந்தின் பதிவெண்ணையோ தேட வேண்டியதில்லை. குறை அவரைப் பற்றியது அன்று. உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒருவர் இப்படி எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரி நிச்சயம் நிமிர்ந்து உட்கார்வார் என்று நம்புகிறேன். ஏனென்றால், அவருடைய மேசையிலும் அதே வகைக் கணக்குத்தான் இருக்கிறது.