மலைக்கு ஏறாத அளவுகோல்

உயரம் கூடக் கூடக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய வட்டக்கானலும் ஏறத்தாழ அந்த உயரம்தான். இங்கே பிறந்து வளர்ந்த பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் என்று பரிசோதனைச் சீட்டு சொன்னால், 12 என்ற பொது எல்லையைத் தாண்டியிருப்பதால் சோகை இல்லை என்றே தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ இந்த உயரத்துக்கு 1.4 கிராமைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. கழித்தால் 11.1. அந்தப் பெண்ணுக்குச் சோகை இருக்கிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்தக் கழித்தலைச் செய்துவிட்டே எண்களைத் தருகிறது. அன்றாட மருத்துவத்தில் கையில் கிடைக்கும் சீட்டில் சமவெளிக்கான எல்லை மட்டும் அச்சாகியிருந்தால், மலைப்பெண் நலமானவள் கணக்கில் சேர்ந்துவிடுவாள். மலைப்பகுதியில் பெண்களின், குழந்தைகளின் நோய்களைப் பேசும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான்: எந்த அளவுகோலால் அளக்கிறோம்?

2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 55; இறங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடமோ 50.7 என்பது 57.4 ஆக ஏறிவிட்டது. தாயிடம் இரும்புச்சத்து குறைந்தால் குழந்தை பிறக்கும்போதே குறைந்த கையிருப்போடு பிறக்கிறது; ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் கஞ்சியாலும் இட்லியாலும் அந்தக் கடன் அடைவதில்லை.

பழனி மலையின் பளியர் குடிகள் காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் வேட்டையும் உண்டு வாழ்ந்தவர்கள். காடு வேலிக்குள் போகப் போக, ரேஷன் அரிசிச் சோறே பெரும்பங்கு உணவானது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது அந்த நெடுங்கதையின் ஒரு கட்டம் மட்டுமே. குளிருக்கு இதமாகக் குடிக்கும் வரக்காப்பியும் டீயும் சோற்றோடு சேர்ந்தால் உணவிலுள்ள இரும்பைக் குடல் முழுமையாக உறிஞ்சவிடாது. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினாலும் அதே கதைதான். மாத்திரை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் குறிப்பு விழுந்துவிடும், ரத்தம் ஏறியிருக்காது. கீழ்ச்சரிவுக் காப்பித் தோட்டங்களின் ஈர நிழல்மண்ணில் கொக்கிப்புழு செழிக்கும். வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ரத்தம் குடிக்கும்.

சோகையை அடுத்து நெஞ்சுச்சளி. மலைவீட்டில் குளிருக்காகக் கதவும் சன்னலும் சாத்தியே கிடக்கும். வாட்டில், தைல மரச் சுள்ளிகளை எரிக்கும் அடுப்பின் பக்கத்திலேயே தாயும் கைக்குழந்தையும் இருப்பார்கள். சிலிண்டர் வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் குளிர்காய்வதற்கும் விறகு தேவைப்படுகிறது. 2016இல் தொடங்கிய உஜ்வாலா எரிவாயுத் திட்டம் சமையலை மனத்தில் வைத்துப் போட்டது, குளிரை அல்ல. வீட்டுப் புகை குழந்தைகளின் நிமோனியா அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் வருவது உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்துப் பரப்பும் நோய் இது. விறகு பொறுக்கும் பெண்களும் புதரோரம் விளையாடும் பிள்ளைகளும் எளிதில் அகப்படுகிறார்கள். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருந்தழும்பு விழும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் அது ஒளிந்திருப்பதால், உடையை விலக்கிப் பார்க்காத மருத்துவர் டைபாய்டு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. கூச்சப்படும் பெண்ணிடம் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேரும். கண்டுபிடித்துவிட்டால் விலை மலிந்த டாக்சிசைக்ளினிலேயே குணமாகும். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் தருவார்கள். தாமதமானால் கருச்சிதைவு வரை போகும்.

இந்த மலையில் வெள்ளையர் குடியேறியதே நோய்க்கு அஞ்சித்தான். மதுரைச் சீமையில் காலராவும் காய்ச்சலும் வாட்டியதால், அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். மலை என்றால் ஆரோக்கியம் என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. அது விருந்தாளியின் பார்வை. ஊர்க்காரரின் உடம்பை வைத்து எழுந்த பெயர் அல்ல.

வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்கு என்ற பாறைமுனையைத் தாண்டி இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது வெள்ளகவி. நெடுங்காலமாகச் சாலை இல்லாத ஊர். நோயாளியையும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் டோலி கட்டித் தூக்கிவருவது அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடந்ததாக அதே 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால், டோலியில் எத்தனை மணிநேரம் கழிந்தது, எந்த நிலையில் வந்து சேர்ந்தாள் என்பது அதில் தெரியாது. திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் ஊர்களோடு சேர்த்து எடுக்கும் மாவட்டச் சராசரியிலும் அது கரைந்துபோகும்.

மலைவாழ் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வந்து தங்க, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசு அமைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. மூத்த குழந்தையை யார் பார்ப்பது, தோட்டக் கூலியை யார் ஈடுகட்டுவது என்ற இரண்டுக்கும் வழி பிறக்கும் வீட்டிலிருந்துதான் பெண்கள் அங்கே வந்து தங்க முடியும்.