ஓட்டை எங்கே இருக்கிறது?



நம் ஆண்டு மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஞ்சரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எனக்கு ஊர் திருக்கடையூர். மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் வருகிற கார், வேன் கூட்டத்தை நம்பி எங்கள் ஊரில் பல கடைகள் பிழைக்கின்றன. அதில் ஒன்று மெயின் ரோட்டுப் பஞ்சர் கடை. விடுமுறை நாட்களில் நான் அங்கே வேலை பார்க்கிறேன். கடைக்கார அண்ணன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அந்தக் கடையில் எனக்கு "இன்ஜினியர் தம்பி" என்று பெயர். அந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தையும் கொடுத்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கடந்த தை மாதம், சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக ரேஸ் சைக்கிளில் சிலர் வந்தார்கள். ஒருவருடைய பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. சைக்கிளில் டியூப்லெஸ் டயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "ரெண்டு தடவை சீலன்ட் ஊத்திட்டேன் தம்பி, அரை மணி நேரம்கூட நிக்கல" என்றார் அவர். சீலன்ட் என்பது ரப்பர் பால் கலந்த திரவம். சின்ன ஓட்டை விழுந்தால் காற்றோடு சேர்ந்து அங்கே ஓடி, உறைந்து, அடைத்துக்கொள்ளும்.

அண்ணன் என்னைப் பார்த்து, "நீ படிக்கிற புள்ள, சொல்லு, ஓட்டை எங்க?" என்றார்.

காற்றை ஏற்றிச் சோப்பு நுரையைத் தடவினேன். டயரில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஸ்போக்ஸ் கம்பியின் அடியில் நுரை பொங்கியது. "இதோ!" என்று அங்கே சொல்யூஷனைப் பூசினேன். உடனே நாலு கம்பி தள்ளி இன்னொரு இடத்தில் பொங்கியது. அதையும் அடைத்தேன். மூன்றாவது இடத்தில் பொங்கியது. என் இன்ஜினியர் பட்டம் அத்தோடு போயிற்று!

அண்ணன் டயரைக் கழற்றச் சொன்னார். ஸ்போக்ஸ் வைத்த ரிம்மில் கம்பிக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளைகளை மூடத்தான் உள்ளே ரிம் டேப் ஒட்டியிருக்கிறார்கள். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் டேப் சுருங்கி, விளிம்பு தூக்கியிருந்தது. காற்று அங்கே நுழைந்து, ரிம்மின் குழல் போன்ற உள்பக்கம் முழுக்கச் சுற்றி, வழி கிடைத்த துளையில் எல்லாம் வெளியே வந்திருக்கிறது. ஓட்டை ஒன்று, நுரை வந்த இடம் மூன்று. நான் அடைத்தது அத்தனையும் வாசலை!

பழைய டேப்பை உரித்து, ரிம்மை ஈரமில்லாமல் துடைத்து, அவர் பையிலிருந்த புது டேப்பை இரண்டு சுவருக்கும் எட்டுமாறு இழுத்து ஒட்டினோம். வால்வை அதன் ரப்பர் அடி நன்றாக உட்காரும்படி பொருத்தினோம். கம்ப்ரஸர் காற்று போனதும் 'டப் டப்' என்று டயரின் விளிம்பு ரிம்மில் உட்கார்ந்தது. பிறகுதான் சீலன்ட். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். இறங்கவில்லை.

அன்று இரவு இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நேரம்? வரப்புல நண்டு வளை மாதிரிதானே" என்றார். நாங்கள் கடைமடைக்காரர்கள். முறை வைத்து வருகிற தண்ணீர் ஒரே இரவில் நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். "வெளிய வர்ற எடத்தை அடைச்சா நிக்காதுடா. தண்ணி நிக்கிற பக்கம் எறங்கி, உள்ள போற வாயைத் தடவிப் புடிக்கணும்" என்றார். என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, நம் பாடப்புத்தகத்தில் 'கோளாறு, காரணம், நிவர்த்தி' என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை வருகிறது. மனப்பாடம் செய்து அப்படியே எழுதுகிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் நிஜமான கோளாறு வந்தால், நடுக் கட்டத்தைத் தாண்டி நேராக மூன்றாவது கட்டத்துக்குத் தாவுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

காற்றுப் போனால் வரிசையாகப் பாருங்கள். முதலில், அது ஓட்டைதானா? விடியற்காலைக் குளிரில் அளந்தால் காற்று குறைவாகத்தான் காட்டும். 30 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் 10 டிகிரி வெப்பம் குறைந்தால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான்! அடுத்து வால்வு. நம் சாதா சைக்கிளில் பத்து ரூபாய் கூடப் பெறாத வால்டியூப் வெடித்திருக்கும். நாம் டியூபையே மாற்றுவோம். பிறகு டயரின் மேல்பக்கம், பக்கச்சுவர், ரிம்மோடு சேரும் விளிம்பு. கடைசியாக ரிம்மின் உள்பக்கம். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் சீலன்டை நம்பாதீர்கள். காற்று நிற்கவில்லை என்று அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது. சில புது ரேஸ் ரிம்களில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு கிடையாது. அவற்றுக்கு 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.தான் எல்லை. மீறினால் டயர் கழன்று பறக்கும். ஆள் உயிரோடு விளையாடுகிற விஷயம் அது.

"டிப்ளமோ படித்துவிட்டுப் பஞ்சர் ஒட்டவா?" என்று சிலர் கேட்பீர்கள். காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கிய டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் அதைச் செய்தார். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழில்தான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. கையில் அழுக்குப் படுவது கேவலமில்லை. காரணம் தெரியாமல் நிவர்த்தி சொல்வதுதான் கேவலம்.

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சு, ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு பம்ப் போடுங்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை இன்னும் ஓட்டுகிற நம்மில் பலருக்கு அங்கேயே கோளாறு கண்டுபிடிப்போம். சொல்லித்தர, பஞ்சர் கடை அண்ணன்மாரில் ஒருவரை அழைப்போம். அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்து, மேடையில் நாற்காலி போட்டு, 'ஐயா' என்று கூப்பிட்டு அழைப்போம்.

படிப்பு நம்மை நம் அப்பாக்களிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகிறது என்றால், அந்தப் படிப்பிலும் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம். ஓட்டை எங்கே என்று தேடுவோம். உள்பக்கமிருந்து தேடுவோம்!

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்