பறை யாருடைய பாடம்?

கலைத் திருவிழா அறிவிப்பு வந்த வாரம். எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். பரதநாட்டியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறாள். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உங்க தெருப் பிள்ளைங்கதான் நல்லா பறை அடிப்பாங்களே, அந்த டீம்ல சேர்ந்துக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் ஆசிரியர். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாராம். அந்தப் பறைக்குழுவில் இருந்த அத்தனை பேரும் எங்கள் தெருப் பிள்ளைகள். நாட்டியத்துக்குப் பெயர் கொடுத்திருந்த மூன்று பேரும் டவுனில் காசு கட்டி டியூஷன் போகிறவர்கள். எங்கள் பிள்ளை கற்றுக்கொண்டதெல்லாம் கைப்பேசியில் பார்த்துதான்.

இதில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யார் எந்தக் கலைக்குப் போக வேண்டும் என்பதைச் சாதியே முடிவு செய்துவிட்டது. இதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கலைத் திருவிழா தொடங்கப்பட்டதை நாம் வரவேற்றோம். இப்போதும் வரவேற்கிறோம். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி நடக்கிறது. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் தருகிறார்கள். மேடையையே பார்த்திராத பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். பறையும் ஒயிலும் கும்மியும் பள்ளி வளாகத்துக்குள் கேட்கின்றன. சின்ன மாற்றம் இல்லை இது.

நம்முடைய கேள்வி போட்டிக்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. கணக்கில் போட்டி வைத்தால் அதற்கு முன் கணக்கு வகுப்பு நடந்திருக்கும். ஓட்டப் பந்தயம் வைத்தால் பேருக்காவது ஒரு விளையாட்டு பீரியட் இருக்கும். வாரம் ஒரு மணி நேரம்கூட கற்பிக்காத கலையில் போட்டி வைத்தால் யார் வெல்வார்கள்? வீட்டில் பணம் இருப்பவர்கள் வெளியே கற்று வந்து வெல்வார்கள். வீட்டில் கலை இருப்பவர்கள் அந்த ஒரு கலைக்குள்ளேயே நிறுத்தப்படுவார்கள். கற்பிக்காமல் நடத்தும் போட்டியில் பணமும் பிறப்பும்தான் போட்டியிடுகின்றன. பள்ளிக்கூடம் அங்கே நடுவராக மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் 'கலை ஆசிரியர்' என்றால் ஓவிய ஆசிரியர்தான். இசைக்கு ஆள் இருப்பது அபூர்வம், நடனத்துக்கும் நாடகத்துக்கும் அதைவிட அபூர்வம். இந்தச் சட்ட ஏற்பாடும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை கால் வைத்ததும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்கள் அவளைப் பிடித்துக்கொள்கின்றன. தன் உடலையும் குரலையும் குறித்து வெட்கமும் கேள்வியும் எழுகிற அந்த வயதில்தான் பாட்டும் ஆட்டமும் நாடகமும் வகுப்பறையை விட்டு வெளியேறுகின்றன.

"சோத்துக்கே வழியில்ல, இதுல ஆட்டம் பாட்டமா?" என்று நம்மிடையே சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. ஆனால் தனியார் பள்ளி விளம்பரங்களைப் பாருங்கள்: கீபோர்டு, வெஸ்டர்ன் டான்ஸ், தியேட்டர். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வியின் பாதியாக இருப்பது நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஆடம்பரமாகிவிடுகிறது? நேர்காணலில் நிமிர்ந்து உட்கார்வதும், நூறு பேர் முன்னால் குரல் நடுங்காமல் பேசுவதும் இரத்தத்தில் வருவதில்லை. பழக்கத்தில் வருகிறது. அந்தப் பழக்கம் கிடைக்கும் இடம் மேடை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அது நமக்குள்ளேயே இருக்கிறது.

பறையை நிறுத்தச் சொன்ன இயக்கம் நம்முடையது. சாவு வீட்டில் அடிக்க மாட்டோம், ஊர்த் திருவிழாவுக்கு வர மாட்டோம் என்று சொன்னதற்காகச் சேரிகள் தாக்கப்பட்டிருக்கின்றன. பறையைத் தூக்கி எறிந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பறையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரச் சொல்வது நியாயமா? "என் பையன் கையில பேனா இருக்கணும், குச்சி இருக்கக் கூடாது" என்று ஒரு தாய் சொன்னால் அவளை எதிர்த்துப் பேச நமக்கு வாய் வராது. அவள் சொல்வது வரலாறு.

அதே சமயம் பறையைக் கையில் எடுத்து அதன் பொருளை மாற்றிக் காட்டியதும் நம் இயக்கம்தான். கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடல்களையும் இசையையும் மேடை மேடையாகக் கொண்டுபோனார். 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் நம் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது தரும் அரசு, அந்தக் கலையைக் கற்றுத்தரும் ஆசான்களுக்கென்று உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பணியிடம் வைத்திருக்கவில்லை.

இந்த இரண்டு வரலாறும் ஒன்றோடொன்று மோதுவதாக நாம் நினைக்கவில்லை. நம் தாத்தாக்கள் மறுத்தது கட்டாயத்தை. 'நீதான் அடிக்க வேண்டும், நீ மட்டும்தான் அடிக்க வேண்டும்' என்ற விதியை. எங்கள் மாணவியிடம் அந்த ஆசிரியர் அன்பாகச் சொன்னதும் அதே விதிதான். பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகள் மட்டும் பறை அடித்தால், அது ஊர்த் திருவிழாவில் நடந்ததன் சீருடை போட்ட வடிவம். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும், ஊர்த்தெருப் பிள்ளைகளும் சேர்த்து, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்துக் கற்றால்தான் அது பாடம். தோலைத் தீயில் காய்ச்சினால் ஒலி ஏன் கூர்மையாகிறது என்பதை அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும். இந்தக் கருவியைத் தொட்டவர்களை ஏன் தீண்டத்தகாதவர்கள் என்றார்கள் என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும். வரலாறு இல்லாமல் பறையை மட்டும் கற்பித்தால் அது வெறும் தாளம். அந்தத் தாளத்தை நாளை யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடுவார்கள்.

அப்படி நடந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சதிர் பரதநாட்டியமான கதையை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவையானது, முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டம் மதிக்கத்தக்கது. ஆனால் அதே காலத்தில் ஆட்டம் 'கௌரவமான' வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, தலைமுறைகளாக அதை ஆடிவந்த பெண்களில் பெரும்பாலோர் மேடையை இழந்தார்கள். அவர்கள் தலித் பெண்கள் அல்லர். ஆனாலும் பாடம் நமக்கும் சேர்த்துத்தான்: ஒரு கலைக்கு மரியாதை கூடினால் அதைச் சுமந்து வந்தவர்களுக்கும் கூடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். மூன்றாண்டு படித்தால் சான்றிதழ். பறை அந்த ஏழில் இல்லை. அண்மைக் காலத்தில் பகுதிநேரப் பயிற்சியாகச் சில இடங்களில் நாட்டுப்புறக் கலைகள் உள்ளே வந்திருக்கின்றன. நல்லது. ஆனால் தவிலுக்கு முழுநேர வகுப்பு, பறைக்குப் பகுதிநேரம் மட்டும் என்றால், அங்கேயும் ஊர் வேறு சேரி வேறுதானே?

நாடகத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளையும் நெற்றியில் வைக்கும் சாதிக் குறிகளையும் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுக்கலாம். மனதில் கட்டியிருப்பதை அறுக்க, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நாடகம் கேட்பது அதைத்தான். நாடகம் போட்டால் சாதி ஒழியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பள்ளி நேரத்தில் சாதியைப் பற்றி மாணவர்கள் வாய்திறந்து பேச இன்று இடமே இல்லை. பேச இடமில்லாத விஷயம்தான் தெருமுனையில் அரிவாளாக வெளிப்படுகிறது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அடிபடும் பாத்திரத்தை நம் பிள்ளைக்கும், காப்பாற்றும் பாத்திரத்தை மற்ற பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு சமத்துவ நாடகம் என்று கைதட்டக் கூடாது. நம் பிள்ளைகள் நீதிபதியாக நடிக்கட்டும், ராஜாவாகவும் கோமாளியாகவும் நடிக்கட்டும். சாதியோடு சம்பந்தமே இல்லாத காதல் கதையிலும் நடிக்கட்டும்.

"தமிழில் இதெல்லாம் பாடமாக முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். அங்கே தமிழ்வழிப் பள்ளிகளில் சங்கீதமும் நடனமும் நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடங்களாகவே இருக்கின்றன. 1968இல் யாழ்ப்பாணம் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தை வைத்து என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை', கூத்து வடிவிலேயே மேடையேறியது. சாதிக்கு எதிராகக் கூத்தைத் திருப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி.

கேரளத்தையும் பார்ப்போம். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957இல் தொடங்கியது. ஆதிவாசிகளின் கலைகள் போட்டிப் பட்டியலில் ஏறியது 2025 ஜனவரியில்தான்: மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலய ஆட்டம் என்று ஐந்து. கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள். யாராவது இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்காவிட்டால் பட்டியல்கள் தாமாகத் திருந்துவதில்லை.

எனவே நாம் கேட்போம்.

ஒன்று, ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை வாரம் இரண்டு பீரியட் இசை, நடனம், நாடகம். அதை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இரண்டு, பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம். கூடவே பறை, கூத்து, ஒயில் ஆசான்களைப் பட்டம் கேட்காமல், அவர்களின் அனுபவத்தைத் தகுதியாக ஏற்று, முறையான சம்பளத்தில் நியமிக்க வேண்டும்.

மூன்று, எந்தக் கலையும் எந்தத் தெருவுக்கும் ஒதுக்கப்படக் கூடாது. குழுக்கள் கலந்தே அமைய வேண்டும். வீணையும் சலங்கையும் பள்ளியே வாங்கி வைக்க வேண்டும்.

நான்கு, மாவட்ட இசைப்பள்ளிகளில் பறை முழுநேரப் பாடமாக வேண்டும்.

கேட்பதோடு நிற்க வேண்டாம். கல்லூரித் தோழர்கள் தங்கள் மாவட்டத்தில் எத்தனை உயர்நிலைப் பள்ளிகளில் இசை ஆசிரியர் இருக்கிறார், எத்தனை இடம் காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் செலவுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுங்கள். கலைத் திருவிழாவில் உங்கள் ஊர்ப் பள்ளியில் யார் எந்தப் போட்டிக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எங்கள் மாணவி அந்த ஆண்டு எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. நாங்களும் உடனே போய்ப் பேசவில்லை. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம், அது எங்கள் தவறு. இப்போது சனிக்கிழமைகளில் படிப்பகத்தில் பறை வகுப்பு நடக்கிறது. அவள் வருகிறாள், நன்றாகவே அடிக்கிறாள். ஊர்த்தெருவிலிருந்து அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் வீட்டுக்குத் தெரியாமல் வந்து கற்றுக்கொள்கிறாள். ஆனால் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆள் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது அவள் படிக்கும் அரசுப் பள்ளி. அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.