கழுதைகளுக்கும் ஒரு காணி

மன்னார் நகரத்துக்குள் புதிதாக வாகனம் ஓட்டிவருகிற சாரதிக்குச் சீக்கிரமே விளங்கிவிடும், வீதி யாருடையதென்று. நடுத்தெருவில் நிற்கிற கழுதை தானாக மனம்வைத்து நகரும்வரை பேருந்தும் காத்திருக்க வேண்டியதுதான்.

அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் இவை ஒருகாலத்தில் பொதி சுமந்தன. லொறி வந்ததும் வேலை போயிற்று, எசமானும் போய்விட்டார். இப்போது குப்பையில் பொலித்தீன் தின்பதும் இரவில் வாகனத்தில் அடிபடுவதுமாகச் சீவியம் போகிறது. அதே அரபு வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. மரம் ஓடித்திரிவதில்லை, அதனால் மரியாதை கிடைத்ததுபோலும்.

இந்த நிலையை மாற்றத்தான் மெல்பேர்ணைத் தளமாகக் கொண்ட பிரிட்ஜிங் லங்கா அமைப்பு மன்னாரில் கழுதை வைத்தியசாலை ஒன்றைத் தொடங்கியது. அதோடு சேர்ந்து ஒரு கல்வி நிலையமும் வந்தது. தொல்லையென்று விரட்டப்பட்ட மிருகத்தைப் பிள்ளைகள் கிட்டப்போய்த் தடவிப் பார்க்க ஓர் இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

அந்த மெல்பேர்ணிலேயே, நகர மையத்துக்குச் சற்றுத் தள்ளி, யாரா ஆற்று வளைவில் கொலிங்வூட் சிறுவர் பண்ணை இருக்கிறது. 1863 இல் நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரிகள் அபொட்ஸ்போர்ட்டில் வந்து குடியேறி, மடத்துச் சாப்பாட்டுக்கு மரக்கறியும் பாலும் அங்கேயே விளைவித்த நிலம் அது. மடத்துச் சலவைக்கூடத்தில் கூலியில்லாமல் உழைத்த பெண்களின் கதையும் அந்த மண்ணில்தான் கிடக்கிறது; அதை மறைத்துப் பசுமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது. 1970களின் நடுவில் சபை வெளியேறியது. 1979 இல் பண்ணை நகரப் பிள்ளைகளுக்காகத் திறந்தது. மாடும் ஆடும் அங்கே இன்றும் மேய்கின்றன.

பக்கத்து மடக் கட்டடங்களின் கதை வேறு. அங்கே தொடர்மாடி எழுப்பத் திட்டம் வந்தபோது அயலவர்கள் 1997 முதல் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். ஏழு வருடம் விடவில்லை. 2004 இல் அந்த வளாகம் ஒரு பொது அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இன்று ஓவியர்களின் கூடங்களும் வெதுப்பகமும் வானொலி நிலையமும் அங்கே இயங்குகின்றன.

எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. 2021 இல் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பண்ணை நிர்வாகம் தன் சமூகத் தோட்டப் பாத்திகளை மூடியது. பல வருடங்களாகக் கத்தரியும் தக்காளியும் நட்டவர்கள் கொதித்துப்போனார்கள். பொதுநிலம் என்றாலும் சாவி யார் கையில் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

மன்னாருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. தென்கரையில் 2020 இன் கடைசியில் 'தம்பபவனி' காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மேலும் காற்றாலைகளும் கனியமணல் அகழ்வும் வேண்டாமென்று 2025 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். காணிக்காக ஒன்றுகூட இந்தத் தீவுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காணிப் பேச்சில் இதையும் சேர்க்கலாம்: கழுதைகளுக்கென்று நகரத்துக்குள் பொதுக்காணி ஒன்று, தண்ணீர்த்தொட்டி, வைத்தியர் வந்துபோக ஒரு கொட்டில், மாலையில் கூத்துப் பழகவும் இடம். நிர்வாகக் குழுவில் மீனவர் சங்கத்துக்கும் பாடசாலைகளுக்கும் இடமிருக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் போட்டுவிடுவது நல்லது.