பழைய பெட்டிக்கு ஒரு வக்காலத்து

ஏலத்தை ஏலம் போட்டு விற்கிற ஊர் போடிநாயக்கனூர். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, ஸ்டோரில் பச்சை நிறம் கெடாமல் உலர்ந்த காய்க்குத்தான் அங்கே மதிப்பு. நிறம் வெளுத்தால் விலை இறங்கிவிடும். ஆனால் மணம் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் ஏலரிசியில் இருக்கிறது என்பது அவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். பச்சைக் காயை வியாபாரிக்கு அனுப்பிவிட்டு, வெளுத்த காயைத் தட்டித் தேநீரில் போட்டுக் குடிப்பதில் அங்கே யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

இவ்வளவு விவரம் தெரிந்த ஜனங்கள், பாட்டுக் கேட்கும் பெட்டி வாங்கப் போகும்போது மட்டும் தோலைப் பார்த்து மயங்குவானேன்?

அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்திருக்கிறார்கள். 'பி.எம்.பி.ஓ.' என்ற அந்தக் கணக்குக்குப் பொது அளவுகோல் எதுவுமே கிடையாது. விற்பவன் வைத்ததுதான் எண். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது? 90 டெசிபல் தரும் பெட்டிக்கு ஈடாக ஒலிக்க, 84 டெசிபல் பெட்டி நான்கு மடங்கு வாட்டைத் தின்ன வேண்டும். அகன்ற காகிதக் கூம்பு வைத்த பழைய ஸ்பீக்கர்களில் பல, சொற்ப வாட்டிலேயே வீடு நிறையப் பாடுகிறவை.

"இரண்டாவது செட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்பார்கள். இந்த அலட்சியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கூடத்துச் செட் குடும்பத் தலைவருக்கு. விடியுமுன் எழுந்து, சமைத்து, மலைத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? செல்போனைச் சொம்புக்குள் வைத்துச் சத்தம் கூட்டிக்கொள்கிறாள். இரண்டாவது செட் என்பது இரண்டாம் தரக் காதுக்கு அல்ல, ஐயா!

பழசு என்றால் தேய்ந்தது என்பது இன்னொரு மூடநம்பிக்கை. காந்த இடுக்கில் கம்பிச் சுருள், அதன் நுனியில் காகிதக் கூம்பு: 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்சினியர்கள் காட்டிய வழி இது. இன்றைய பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குள்ளும் அதே சங்கதிதான் இருக்கிறது.

பெரிய கூம்பின் நடுவே சிறு கூம்பு வைத்த பிலிப்ஸ், 1970-இல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைனின் பழைய ஜோடிகள், காஸ்மிக் பெட்டிகள் ஆகியவற்றைத் தேடுங்கள். மைக் செட் கடையின் மூலையில் கிடக்கும் ஆஹுஜா நெடும்பெட்டிகளையும் ஒதுக்காதீர்கள். ஆனால் அவற்றில் 100 வோல்ட் லைனுக்கான டிரான்ஸ்பார்மர் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு நேரே இணைக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற கூம்புக் குழாய் மட்டும் வேண்டாம். அது ஊரைக் கூப்பிடுவதற்கு, வீட்டில் கேட்பதற்கு அல்ல.

பழசு எல்லாமே பத்தரைமாற்றுத் தங்கம் என்று நான் சாதிக்கவில்லை. கூம்பின் விளிம்பில் நுரைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அநேகமாக உதிர்ந்திருக்கும். துணி அல்லது மடித்த காகித விளிம்பே நீண்ட ஆயுள் உடையது. இரு கையாலும் கூம்பை மெல்ல அமுக்குங்கள்; கரகரத்தால் சுருள் உரசுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் 'டொக்' என்று கேட்க வேண்டும். ஸ்டீரியோவுக்கு இரண்டும் ஒரே ஜோடியாக இருப்பது முக்கியம். மலைமேல் மூடுபனியில் கிடந்த பெட்டியானால் காகிதத்தில் பூஞ்சையும் காந்த இடுக்கில் துருவும் பார்க்காமல் வாங்காதீர்கள். மழை மறைவில் இருக்கும் போடியில் கிடந்த பெட்டிக்கு அந்த ஆபத்து குறைவு.

இதற்கெல்லாம் வேண்டியது பணமல்ல, ஒரு மாலைப் பொழுதும் இரண்டு காதுகளும். அந்தச் சிறு சிரமத்துக்குச் சோம்பி, பாடக்கூடிய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போடுகிறோம். காந்தத்துக்காக அவன் அதை உடைக்கிறான். நாமோ விற்ற காசுக்கு மேல் பல மடங்கு போட்டு, பளபளக்கும் பிளாஸ்டிக்கை வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். ஏலக்காயை இப்படி வாங்குகிறவனைப் போடி வியாபாரி என்ன பெயர் சொல்லி அழைப்பானோ, அந்தப் பெயர்தான் நமக்கும்.