வயிற்றுக்குள் போன தலைமயிர்

நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ற் குசினிக்குள் தொப்பி போடாமல் போகேலாது. சோற்றுக்குள் ஒரு தலைமயிர் கிடந்தால் போதும், கோப்பை திரும்பி வரும், முதலாளியின் வாயும் திறக்கும். ஊரில் அம்மாவும் சொல்லுவா, "மயிர் வயித்துக்குள்ள போனா குடலைச் சுத்தும்" என்று. பரிசில் 15 வருடமாகக் குசினியில் நிற்பவன் சொல்கிறேன்: அந்த ஒரு மயிர் அருவருப்புத்தான், ஆனால் ஒன்றும் செய்யாது. மலத்தோடு போய்விடும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

கூட வேலை செய்யும் நண்பரின் மகளுக்கு 13 வயது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்பாள். சத்தி எடுப்பாள். மெலிந்துகொண்டே போனாள். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவளின் காதுக்கு மேலே மயிரில்லாமல் ஓரிடம் வெளித்திருந்ததைக் கண்டேன். "இந்த நாட்டுத் தண்ணி சரியில்லை, நல்லெண்ணெய் வையுங்கோ" என்று பெரிய மனிசன் மாதிரிப் புத்தி சொன்னது நான்தான். பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்தால் இரைப்பை நிறைய மயிர். இரைப்பையின் வடிவத்திலேயே திரண்டு கிடந்ததாம். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.

யாழ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவன் நான். 2006இல் பாதை பூட்ட, படிப்பும் பாதியில் நின்றது. மிச்சத்தை இப்போதுதான் தேடி வாசித்தேன். மயிர் கெரற்றின் என்ற புரதம். மனித இரைப்பையால் அதைச் செரிக்க முடியாது. தொடர்ந்து விழுங்க விழுங்க, இரைப்பை மடிப்புகளில் சிக்கி, உணவோடும் சளியோடும் சேர்ந்து பந்தாகிவிடும். சிலருக்கு அதன் வால் சிறுகுடலுக்குள் நீண்டு குடலை அடைக்கும், ஓட்டையும் போடும். 1968இல் இதற்கு ரப்புன்செல் என்று பெயர் வைத்தார்கள். கிறிம் சகோதரர்களின் கதையில் கோபுரத்தில் அடைபட்டு, நீண்ட கூந்தலைக் கீழே தொங்கவிட்ட பெண்ணின் பெயர் அது. இந்த நோய் கூடுதலாக வருவதும் இளம் பெண்பிள்ளைகளுக்குத்தான்.

தன் மயிரைத் தானே பிடுங்கும் வருத்தத்துக்கு 1889இல் பெயர் வைத்தவர் அலோப்போ என்ற பிரெஞ்சு வைத்தியர். அவர் வேலை செய்த செந் லூயி மருத்துவமனை, நாங்கள் மரக்கறி வாங்கும் லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரம். நூறு வருடத்துக்கு முன்னமே பக்கத்தில் தெரிந்திருந்த விசயம் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நண்பர் எல்லோருக்கும் "வயித்தில ஒரு கட்டி, எடுத்தாச்சு" என்கிறார். மனநல வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னால், "என்ரை பிள்ளைக்கு விசரோ? நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்று பாய்கிறார். தாய்தான் என்னிடம் வந்து, "அண்ணை, பேர் போடாமல் எழுதுங்கோ, அவர் வாசிக்கட்டும்" என்றா.

நண்பரே, வயிற்றிலிருந்த மயிரைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கின கை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. விட்டால் திரும்பவும் வரலாம். இது விசருமில்லை, குழப்படியுமில்லை. அடித்தோ ஏசியோ மொட்டை அடித்தோ மாற்ற ஏலாது. கை எப்போது தலைக்குப் போகிறது என்று பிள்ளையே கவனித்து, அந்த நேரம் வேறொன்றைச் செய்யப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது. கலியாணப் பேச்சுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடக்கிறது. அதுவரைக்கும் பிள்ளை சாப்பிட வேண்டாமா?

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் பிள்ளையின் தலையில் காரணமில்லாமல் மயிர் குறைந்தால், என்னை மாதிரி எண்ணெய்ப் போத்தலைத் தேடாதேங்கோ. பக்கத்தில் இருந்து கதையுங்கோ. பிறகு வைத்தியரிடம் போங்கோ.