பீரோவின் நடுத்தட்டு யாருக்கு?

நம் வீடுகளில் பீரோ அன்றாட வாழ்வுக்காக அடுக்கப்படுவதில்லை. கல்யாணத்திற்குப் போவதற்காக அடுக்கப்படுகிறது. கண்ணுக்கும் கைக்கும் நேராக அமைந்த நடுத்தட்டில் பட்டுப்புடவைகளும் சரிகை வேட்டிகளும் வீற்றிருக்கும். நாள்தோறும் உடுத்தும் பருத்திப் புடவையும் நைட்டியும் கைலியும் கொடியிலும் நாற்காலி முதுகிலும் கிடக்கும். இடம் மிஞ்சினால் அடித்தட்டில் திணிக்கப்படும். உடம்பு நன்றாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டால் எவருக்கும் குறையில்லை. குனிந்து எடுக்கிறோம், எம்பி எடுக்கிறோம், கொடியிலிருந்து உருவிக்கொள்கிறோம். மருத்துவமனையில் சில வாரங்கள் கிடந்து வீடு திரும்பியவருக்கோ அதே பீரோ எட்டாத பொருளாகிவிடுகிறது.

வீடு திரும்பும் நோயாளிக்காகக் குடும்பத்தார் எவ்வளவோ செய்கிறார்கள். கழிப்பறையில் கைப்பிடி பொருத்துகிறார்கள், கட்டிலை வாங்குகிறார்கள், மாத்திரை டப்பாவுக்கு மேசை போடுகிறார்கள். உடை இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் எவரும் எண்ணுவதில்லை. நோயாளி தன் கையால் செய்யத் தொடங்கும் முதல் வேலைகளுள் ஒன்று உடுத்துதல். உடையை எடுக்கவே இன்னொருவரைக் கூப்பிட வேண்டுமென்றால், இரண்டொரு நாளில் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். நேற்றைய உடையிலேயே மாலைவரை படுத்திருப்பார். 'சோர்ந்துவிட்டார்' என்று நாம் சொல்லிக்கொள்வோம். பல வீடுகளில் அந்தச் சோர்வுக்குப் பாதிக் காரணம் பீரோவின் அடித்தட்டு என்பது என் கருத்து.

உயரத்திலிருந்து தொடங்குவோம். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டே நோயாளிக்குரியது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பலர், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாதென்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் அடித்தட்டுக்குக் குனிவது ஆபத்து. நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கவோ, இழுக்கவோ கூடாது. இறுகிப்போன இரும்புக் கதவை வெடுக்கென்று இழுப்பதும் அதில் அடங்கும். நடுக்குவாத நோயாளிகளுக்கும், இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் முதியவர்களுக்கும் குனிந்து நிமிர்ந்தவுடன் அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றலாம். பீரோவின் முன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், குணமாகிய நோய்க்கு மேல் இன்னொரு நோய் வந்து சேரும். இன்னொன்று: முடக்குவாதம் உள்ள விரல்களுக்கு இரும்புப் பீரோவின் திருகுபிடியும் சாவியும் பெரும்பாடு. அன்றாட உடைகளைக் கதவில்லாத திறந்த தட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது. சுவரில் தோள் உயரத்தில் நான்கு மர முளைகள் அடித்தாலும் போதும். அருகில் கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று இருக்கட்டும், உட்கார்ந்தே உடுத்தலாம்.

அடுத்தது, அந்தத் தட்டில் எவை இருக்க வேண்டும் என்பது. இதை நோயே தீர்மானிக்கிறது. பக்கவாதத்தில் ஒரு கை வலுவிழந்தவர், அந்தக் கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து உடுத்த வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும். அதற்குக் கைப்பகுதி தளர்ந்த, முன்புறம் முழுதும் திறக்கும் உடைகளே ஒத்துவரும். ஒற்றைக் கையால் பொத்தான் மாட்டுவது எளிதன்று. சட்டையின் பொத்தான்களை வெளிப்புறம் அப்படியே தைத்துவிட்டு, உட்புறம் வெல்க்ரோ வைத்துத் தரும்படி தெருமுனைத் தையற்காரரிடம் சொன்னால் செய்து தருவார். பார்ப்பவர்க்கு அது வழக்கமான சட்டையாகவே தோன்றும். ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கேலி செய்வோர் செய்துகொள்ளட்டும். நடக்கும்போது அவிழ்ந்து காலைத் தடுக்காத வேட்டி எதுவானாலும் அது நல்ல வேட்டிதான்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஃபிஸ்டுலா அமைந்த கையில் இறுக்கமான கைப்பகுதி, கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றை விலக்க வேண்டும். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் ஃபிஸ்டுலா அடைத்துப்போகக்கூடும். சிகிச்சை நாளுக்கான உடைகளை ஒரே பையில் இட்டுக் கதவருகே மாட்டிவிட்டால், வாரத்தில் மூன்று நாள் விடியற்காலைத் தேடல் மிச்சம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்கள், அந்தப் பக்கத்துக் கையை இறுக்கும் ரவிக்கைகளைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பாவாடை நாடாவுக்கும் இங்கே ஒரு சொல். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் இடுப்புத் தோலில் ஆறாப் புண்ணும், அரிதாகப் புற்றும் தோன்றியதை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவுக்குப் பதில் அகன்ற பட்டை தைத்துக்கொள்வது நோயில்லாதவருக்கும் நல்லது. நீரிழிவு உள்ளவர்களின் காலுறையில் இறுக்கும் எலாஸ்டிக் கூடாது.

மறதி நோய் உள்ளவர்களுக்கு நிறைந்த தட்டே தொல்லை. இருபது சட்டைகளைக் கண்டால் திகைத்து நின்றுவிடுவார்கள். இரண்டு மட்டும் வெளியில் இருக்கட்டும். அணியும் வரிசையிலேயே உள்ளாடை மேலாகவும் சட்டை கீழாகவும் அடுக்கி வையுங்கள். ஒரே சட்டையை விடாமல் கேட்பவராயின், அதைப் போலவே இன்னொன்று வாங்கிவிடுவது வாதாடுவதைவிட எளிது.

பீரோவுக்குள் இருக்கும் அந்துருண்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவற்றுள் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சிளங்குழந்தைக்கு இது கடும் மஞ்சட்காமாலையாக முடியலாம். பாட்டியின் பழம்புடவையில் பேரக்குழந்தையைச் சுற்றுவது நம் அருமையான வழக்கம். அந்தப் புடவை அந்துருண்டைக்கு நடுவே இருந்து வந்ததாயின் வேண்டாம். அதை நன்கு துவைத்து, வெயிலில் பலமுறை உலர்த்திய பின்னரே பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வர். வேறு மென்துணி கையில் இருக்க அந்தச் சோதனை எதற்கு? மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் அந்த நெடி ஆகாது. உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழி. பூச்சி முற்றிலும் வராது என்று உறுதி கூற இயலாது. துணிகளை அவ்வப்போது வெயிலில் காட்டிவிட்டால் பெரும்பாலும் போதும்.

இதுவரை சொன்னவற்றில் கருத்து வேறுபாடு அதிகம் இருக்காது. இனிச் சொல்வதில் சில குடும்பங்கள் என்னோடு முரண்படலாம். நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே பிள்ளைகள் அவர் பீரோவை ஒழித்துச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆயினும் அது கூடாது. நம் வீடுகளில் பீரோ வெறும் துணிப்பெட்டி அன்று. நிலப் பத்திரமும், தாலிக்கொடியும், சிறுவாட்டுப் பணமும், மறைந்த கணவரின் கடைசிச் சட்டையும் அங்கேதான் இருக்கும். சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தவரை வீடு அம்மாவுடையது. படுத்த பத்து நாளில் அது மருமகளின் கைக்குப் போய்விட்டதென்று அறிந்தால் எந்த மாத்திரையும் அந்தப் புண்ணை ஆற்றாது. அவர் வந்த பிறகு, அவரை நாற்காலியில் அமர்த்தி, ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டிக் கேட்டு அடுக்குங்கள். ஒரு பிற்பகல் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அன்றாட உடை திறந்த தட்டுக்கு வரட்டும். பீரோவும் சாவியும் அவரிடமே இருக்கட்டும்.

ஓராண்டு உடுத்தாததை எறிந்துவிட வேண்டும் என்றொரு விதியை இப்போது பலரும் சொல்கிறார்கள். நோயாளியின் வீட்டில் அது செல்லாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் உடல் மெலியும். ஸ்டீராய்டு மருந்தால் பருக்கும். நீர் கோத்தால் ஒரே மாதத்தில் இரு அளவும் தேவைப்படும். எந்த அளவில் நிலைபெறும் என்று தெரியுமுன் எறிவது வீண். அதற்காக, பொருந்தாத உடைகள் தினமும் கண்முன் தொங்கி, இழந்த உடம்பை நினைவூட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். பட்டுப்புடவைகளும் அங்கேயே போகலாம். ஒன்றை மட்டும், அவருக்கு மிகப் பிடித்ததை, கைக்கெட்டும் இடத்தில் விட்டுவையுங்கள்.

'நான் உடுத்திவிட்டால் இரண்டு நிமிடம். அவரே உடுத்தினால் அரைமணி' என்பார்கள் உடனிருந்து பார்ப்பவர்கள். உண்மைதான். அலுவலகத்துக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அரைமணி என்பது சிறிதன்று. எல்லா நாளும் வேண்டாம். ஞாயிறு காலையும், பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாட்களும் போதும். மற்ற நாட்களில் அவர் சட்டையை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் மாட்டிவிடுங்கள்.

எவ்வளவு குனியலாம், எவ்வளவு தூக்கலாம், எந்தக் கையை உயர்த்தலாம், எத்தனை வாரத்துக்கு என்பன நோயாளிக்கு நோயாளி வேறுபடும். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று இவற்றை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அதே தாளைக் கொண்டுவந்தால், எந்தத் தடை நீங்கியது, எந்தத் தட்டை மீண்டும் பயன்படுத்தலாம் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.